குடும்பத் தலைவியின் சம்மதம்

மாங்குழி
மே 24, 2025

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம், வாழையும் சௌக்கியம். அங்கே நீயும் ஜானவியும் சௌக்கியம் என்று வண்டிக்காரத் திரவியம் சொன்னான். நீயாகச் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். போன வாரம் வைப்பதற்கு முன்னால், "இனிமே எதுவானாலும் எழுத்துல குடுங்கோ, பார்த்துச் சொல்றேன்" என்றாய். இத்தனை வருஷம் சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்தவள் புருஷனிடம் வேறு எப்படிப் பேசுவாள்? சரி, எழுத்திலேயே தருகிறேன். திரவியம் தினமும் காலையில் சாலைக் கம்போளச் சந்தைக்குக் காய் ஏற்றிக்கொண்டு வருகிறான். போகிற வழியில் ஸ்ரீவராகத்தில் நம் வாசலில் இதைக் கொடுப்பான். பதிலையும் அவனிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் காயை வாங்குகிற தோஹாக்காரன் கையை விரித்துவிட்டான். நான் காய் கொடுக்கிற ஏஜெண்ட் பிபின், திங்கட்கிழமை விமானத்துக்குப் பெட்டி தயாராக இருக்கட்டும் என்று செய்தி அனுப்பினான். ஆட்களை வைத்துக் குலையை வெட்டி, சீப்புச் சீப்பாக அறுத்து, கழுவித் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கினேன். சாயங்காலம் கூப்பிட்டால், "சேட்டா, ஒரு ரக்ஷயும் இல்ல. அவர் வேறெ நாட்டீன்னு எடுக்கான் துடங்கி. விமானச் சார்ஜும் கூடி" என்கிறான். வேறு நாட்டுக் காயை வாங்க ஆரம்பித்துவிட்டார்களாம், அவன் இதை முந்தின நாளே சொல்லியிருக்கலாம். மீதிக் குலைகள் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கின்றன.

வெளிநாட்டு விற்பனை படுத்துப்போன வாழை விவசாயிகளுக்கு அடுத்த நடவுக்கு உதவித்தொகை என்று பேப்பரில் வந்தது. உன் விவசாய இலாகா சமாசாரம்தானே? எனக்குச் சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை, போகட்டும். இங்கே கிருஷி பவன் விவசாய ஆபீஸுக்குப் போனேன். அங்கிருக்கிற லிஜோ நல்ல பையன். நிலவரி ரசீதைப் பார்த்தான், ரேஷன் கார்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சேட்டன்றெ வைஃப் கவர்ன்மென்ட் சர்வீஸிலாணல்லோ? ஒரே கார்டில் சர்க்கார் சம்பளக்காரர் உண்டெங்கில் கிட்டில்ல" என்றான். உதவி கிடையாதாம்.

உன் சம்பளம் வந்து என் வாழைக்கு முட்டுக்கட்டை போடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உதவி வராவிட்டால் அடுத்த கன்று நட வழியில்லை. வில்லா கட்டுகிறவன் ஒருவன் அடிக்கடி வந்து வேலிக்கு வெளியே நின்று சிரித்துவிட்டுப் போகிறான். அப்பா விட்டுப்போன நிலம் அவன் கைக்குத்தான் போகும். உன் ஆபீஸில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்.

அறுத்த காயில் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

கைலாஷ்


ஸ்ரீவராகம்
மே 28, 2025

ஜானவியின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

கொஞ்சமா? கூடத்தில் கால் வைக்க இடமில்லை. 'இந்தியாவின் விளைபொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டின பழம் ஸ்ரீவராகத்துக்கு எதற்கு? நாங்கள் என்ன தோஹாவிலா இருக்கிறோம்? எல்லாம் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரே நாளில் பழுத்துவிட்டது. எரிசேரி, பச்சடி, உப்பேரி, பிரதமன், காலையில் பழம் நுறுக்கு. "அம்மே, இனி மதி, போதும்" என்று ஜானவி கையெடுத்துக் கும்பிடுகிறாள். பக்கத்தில் வாலாம்பாள் மாமி வீட்டில்கூட வாங்கமாட்டேன் என்று சொல்லியாயிற்று.

அந்த விதியை டைப் அடித்தது நான்தான். முன்னொரு தடவை நிவாரணம் வந்தபோது சில ஆபீசர்கள் பெண்டாட்டி பேரிலும் புருஷன் பேரிலும் வாங்கித் தின்றார்கள். அதனால்தான் இந்தத் தடவை சம்பளக்காரர் இருக்கிற கார்டுக்குக் கிடையாது என்று சேர்த்தார்கள். டைப் அடிக்கும்போது உங்களை நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் அடித்தேன். என் புருஷனுக்காக ஒரு வார்த்தை சொல் என்று இப்போது நான் யார் மேஜை முன்னால் போய் நிற்பது?

நீங்கள் வேலையை விடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல உத்தியோகம். போன ஆடியில் ஒரு நாள் சாயங்காலம் வந்து, காப்பியை வாங்கிக் கொண்டு, "எழுதிக் குடுத்துட்டேன்" என்றீர்கள். மறுநாள் வாழைக்கன்று பார்க்கப் போகிறேன் என்று கையில் ஒரு பையோடு போனவர்தான். தண்ணீர் விடணும், காவல் இருக்கணும் என்று அந்தத் தகர ஷெட்டிலேயே தங்கிவிட்டீர்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவா அது?

தோஹா போனால் போகட்டும். சாலைக் கம்போளத்திலேயே விற்றுத் தொலையுங்கள். இனிமேல் பெட்டி அனுப்பாதீர்கள்.

பத்மஜா


மாங்குழி
மே 30, 2025

பத்மஜா,

சாலையில் விற்றுத் தொலையுங்கள் என்று எழுதுவது சுலபம். சீப்பாக அறுத்த காயை அங்கே எவன் வாங்குகிறான்? நேந்திரன் என்றால் குலையாகக் கடை வாசலில் கயிற்றில் தொங்கவேண்டும். வாங்க வருகிறவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, குறை சொல்லி வாங்கவேண்டும். கழுவித் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டின சீப்பைக் கண்டால், வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளினது நமக்கு எதற்கு என்று கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். என்னை மாதிரி ஏமாந்தவர்கள் காயெல்லாம் அங்கேதான் வந்து குவிந்திருக்கிறது. கடைசியில் உப்பேரி வறுக்கிறவனுக்குக் கொடுத்தேன், அவன் சொன்ன விலைக்கு. "காய்க்குச் சட்டை போட்டு வளத்தீங்க சாமி, இப்ப சட்டைத்துணிக் காசுகூட வரலியே" என்று திரவியம் சிரிக்கிறான். அவனுக்கென்ன, வண்டி வாடகை வந்துவிடுகிறது.

இப்போது கவனமாகப் படி. லிஜோ ஒரு வழி சொன்னான். "சேட்டன்றெ பேரு ஆ கார்டீன்னு மாற்றி, இவிடெ ஒரு புதிய கார்டு எடுத்தால் மதி. சேட்டன் இவிடெயல்லே தாமசம்?" என்றான். உன் கார்டிலிருந்து என் பேரை எடுத்துவிட்டு இங்கே தனிக் கார்டு வாங்கினால் போதுமாம், அவன் சொல்வதில் தப்பு ஒன்றுமில்லை. நான் இங்கேதானே இருக்கிறேன்? ஆனால் கார்டில் குடும்பத் தலைவி நீ. பேரை எடுக்க நீதான் எழுதிக் கொடுக்கவேண்டும், நான் கொடுத்தால் செல்லாது. மூன்று வரி. பேப்பரில் மட்டும்தான். பணம் வந்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டால் ஆயிற்று.

ஜூன் கடைசிதான் கெடு. உன் ஆபீஸ் போட்ட கெடு.

கைலாஷ்


ஸ்ரீவராகம்
ஜூன் 3, 2025

ஜானவியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் திரவியம் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்திருக்காது.

பேப்பரில் மட்டும் என்று ஒன்று கிடையாது. நான் தினமும் பார்க்கிறது அதைத்தான். பேப்பரில் செத்தவன் உயிரோடு வந்து என் மேஜை முன்னால் நின்றாலும் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. விண்ணப்பத்தில் பேர் எடுப்பதற்குக் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறதே, பார்த்தீர்களா? நான் பார்த்தேன். மரணம், கல்யாணம், பிரிந்து வசித்தல். இதில் எதைப் போடுவது? நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் எல்லாம் சுலபமாயிற்றே.

இந்தத் தெருவில் யார் கேட்டாலும், "தோட்டத்துல வேலை ஜாஸ்தி, சனிக்கிழமை வருவார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை சனிக்கிழமை வந்தீர்கள்? சிவராத்திரிக்கு வந்தீர்கள், விரதம் என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள். ஜானவிக்குப் பத்தாம் கிளாஸ் ஆரம்பித்தாயிற்று. ஸ்கூலில் அப்பா வரணும் என்றால் நான்தான் போகிறேன். பிரிந்து வசிக்கிறோம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அது பொய்யாக இருந்தால் பரவாயில்லை. பொய் எழுதினோம் என்று நாலு நாள் மனசு உறுத்தும், சரியாகிவிடும். நிஜமாக இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்கு இது வாழை விஷயம். எனக்கு அப்படி இல்லை.

பத்மஜா


மாங்குழி
ஜூன் 9, 2025

பத்மஜா,

நேற்று அடித்த காற்றில் மேற்குப் பக்கத்து வாழை பாதி சாய்ந்துவிட்டது. குலையோடு விழுந்து கிடக்கிறது. நான் இங்கே சும்மா உட்கார்ந்து உன்னை வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைக்காதே.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறாய், மண் இருக்கிறதா என்று. நான் எழுந்ததும், உட்கார்ந்த இடத்தை ஜானவியைத் துடைக்கச் சொல்கிறாய். ஒன்றிரண்டு தடவை கிழக்கேகோட்டை வரைக்கும் வந்து, ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். தோஹாவுக்கு அனுப்புகிறேன், தோஹாவுக்கு அனுப்புகிறேன் என்று தெரு முழுக்கச் சொன்னவன், வெறுங்கையோடு அந்தத் தெருவில் எப்படி நடந்து வருவது? எனக்கு வெட்கமாக இருக்கிறது. போதுமா? இதையும் எழுத்தில் வாங்கிவிட்டாய்.

எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் போடு. மரணம் என்றுகூடப் போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. முடியும், முடியாது, இரண்டில் ஒன்று எழுது. முடியாது என்றால் நிலத்தை வில்லாக்காரனுக்கே கொடுத்துவிடுகிறேன். உனக்கும் நிம்மதி.

கைலாஷ்


ஸ்ரீவராகம்
ஜூன் 17, 2025

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது.

எப்படி நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, சர்க்கார் விண்ணப்பமெல்லாம் போடுகிற அக்ஷயா சென்டருக்குப் போனேன். நல்ல கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சின்னப் பெண், பாவம், அவள் பேரில் தப்பில்லை. "காரணம் எந்தாணு மேடம்? மரணமா? வேறிட்டுத் தாமசமா?" என்று உரக்கக் கேட்டாள். எனக்குப் பின்னால் வாலாம்பாள் மாமி பென்ஷனுக்குக் கைரேகை வைக்க நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. "வேறிட்டுத் தாமசம்." பிரிந்து இருக்கிறோம் என்று ஒரு வருஷமாக நான் வாயைத் திறந்து சொல்லாததை இரண்டு தடவை சொன்னேன்.

மாமி ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள். அதற்கு அவள் கேட்டிருக்கலாம்.

ரேஷன் கடையில் இனிமேல் கார்டில் இரண்டு பேர். ஜானவி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களுக்கு வழி விட்டாயிற்று. உதவி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுதவேண்டாம்.

பத்மஜா


மாங்குழி
ஜூலை 2, 2025

பத்மஜா,

எழுதவேண்டாம் என்றாய், ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

உன் நகலை எடுத்துக்கொண்டு புதுக் கார்டு கேட்டுப் போனேன். வீட்டு நம்பர் என்ன என்றார்கள். ஷெட்டுக்கு ஏது நம்பர்? நம்பர் வாங்க வேறொரு ஆபீஸுக்குப் போனேன். சமையலறை இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, இல்லையென்றால் அது வீடு இல்லை, உரமூட்டை வைக்கிற இடம் என்றார்கள். வீடு இல்லாததற்குக் கார்டு கிடையாது. அப்படியே லிஜோவிடம் ஓடினேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். கார்டே இல்லாதவருக்கு உதவி கிடையாதாம். சம்பளக்காரி கார்டில் இருந்தாலும் கிடையாது, எந்தக் கார்டிலும் இல்லாவிட்டாலும் கிடையாது. இதையும் நீதான் டைப் அடித்தாயா?

கெடு முடிந்துவிட்டது. தோஹாக்காரன் அணைத்த அடுப்பில் சர்க்கார் தண்ணீரையும் ஊற்றிவிட்டது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. லிஜோமேல் கோபப்படலாம் என்றால் அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான்.

அந்த ஆபீஸில் ஒருவர் என் பேப்பர்களையெல்லாம் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அப்போள் நிங்ஙள் ஏது வீட்டிலெயா?"

எந்த வீட்டுக்காரன் என்று கேட்கிறார். நான் பேப்பர்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கைலாஷ்


மாங்குழி
ஜூலை 14, 2025

பத்மஜா,

திரவியம் தினமும் காலிப் பெட்டியோடு திரும்பி வருகிறான். "அம்மா ஒண்ணும் தரல சாமி" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறான். நான் உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி எழுதினதை நீ கூட்டத்தில் உரக்கச் சொல்லவேண்டி வந்துவிட்டது. அதைப் படித்த பிறகும் நான் வீட்டு நம்பரையும் கக்கூஸையும் பற்றித்தான் எழுதினேன். இப்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வில்லாக்காரன் நேற்று வந்தான். இந்தத் தடவை வேலிக்கு உள்ளேயே வந்துவிட்டான். முன்பணம் கொண்டுவந்திருந்தான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வேலையை விட்டபோது கேட்காதவன் இப்போது கேட்கிறேன். நிலத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைத்தான் செய்வேன்.

இன்னொன்று. ஏதாவது ஒரு கார்டில் பேர் இருக்கவேண்டும் என்றால் அந்தக் குடும்பத் தலைவியின் சம்மதம் வேண்டுமாம். அதனால் கீழே எழுதியிருப்பதை முறைப்படி எடுத்துக்கொள்ளவும்.

மதிப்பிற்குரிய குடும்பத் தலைவி அவர்களுக்கு, மாங்குழியில் உரமூட்டைகளோடு வசிக்கும் கைலாஷ் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. மேற்படியானுக்குத் தற்சமயம் எந்த வீடும் இல்லை. ஆகவே தங்கள் கார்டில் கடைசி வரியிலாவது அவனைச் சேர்த்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறான். இதனால் அவனுக்குச் சர்க்கார் உதவி ஒன்றும் கிடைக்காது என்பதை அவன் நன்றாக அறிவான்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
கைலாஷ்


ஸ்ரீவராகம்
ஜூலை 17, 2025

ஜானவியின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

விண்ணப்பம் வந்தது. ஜானவியும் படித்தாள். நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துப் படித்தாள். 'உரமூட்டைகளோடு வசிக்கும்' என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு, "அப்பா தனியாவா சாப்பிடறா?" என்று கேட்டாள். 

நிலத்தைக் கொடுக்கக்கூடாது. வில்லாக்காரனிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று. அடுத்த நடவுக்கு என் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முட்டுக்கட்டை போட்ட சம்பளம், வாழைக்கு முட்டும் கொடுக்கட்டும். ஆனால் பிபின், தோஹா என்று இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. குலையாக வளர்த்து, குலையாகச் சாலைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள், வாங்குகிறவன் தட்டிப் பார்க்கட்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வரவேண்டாம். வாலாம்பாள் மாமியைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் காலில் மண் இருந்தால் நான் பார்க்கத்தான் செய்வேன், வாசலில் குழாய் இருக்கிறது.

விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. எதற்காகச் சேர்க்கவேண்டும் என்பதற்கு, வீடு இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. சரியான காரணத்தை விண்ணப்பதாரர் நேரில் வந்து சொல்லவேண்டும். இனிமேல் எதுவும் எழுத்தில் ஏற்கப்படமாட்டாது.

இன்றைக்கு ஆடி பிறந்தாயிற்று. ஆடியில் நல்ல காரியம் ஒன்றும் ஆரம்பிக்கக்கூடாது என்பார்கள். ஆடியில் போனவர் ஆடியில் வந்தால் தப்பில்லை. சனிக்கிழமை வருவார் என்று தெருவில் சொல்லிவிட்டேன், அதனால் சனிக்கிழமை வந்தே ஆகவேண்டும். காலையில் திரவியம் வண்டியிலேயே ஏறிக்கொள்ளுங்கள். பெட்டி ஒன்றும் வேண்டாம், ஆள் வந்தால் போதும்.

பத்மஜா
குடும்பத் தலைவி